இரண்டு விரற்கடை

ஆரஞ்சு எச்சரிக்கை என்றது வானொலி.
ஆலங்கட்டி, காற்று, இரவில் மூன்று டிகிரி.
மத்தியதரைக் கடலில் கிளம்பிய ஏதோ ஒரு கலக்கம்
தில்ஷாத் கார்டன் மூன்றாம் மாடிவரை
படியேறி வருமாம்.

அரைநாள் விடுப்பு எடுத்தேன்.
கூலரைக் கழற்றிய சதுர ஓட்டைக்குப்
பிளைவுட் ஓர் அங்குலம் குறைந்தது.
"குறையும் மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான்
வெட்டினார் கடைக்காரர்.
மீதி அங்குலத்தில்
ஜெபராணியின் பழைய நர்ஸ் சீருடையைச்
சுருட்டி அடைத்தேன்.

பால்கனித் தண்ணீர் போகும் குழாயில்
புறா எச்சம், ஓர் அரசங்கன்று,
ஒரு குழந்தையின் செருப்பு.
இந்த வீட்டில் குழந்தையே இருந்ததில்லை.
கம்பியால் குத்தக் குத்தக்
கீழே யாரோ பஞ்சாபியில் திட்டினார்கள்.
சரி, திறந்துவிட்டது.

குளியலறை ஜன்னலின் ஒரு கண்ணாடி
போன தீபாவளி ராக்கெட்டோடு போனது.
கண்ணாடிக்காரன் திங்கள்தான் வருவான்.
இருபது வருடமாக நெஞ்சுப் படம் எடுக்கிறவள் நான்.
மூச்சை இழுங்கள், நிறுத்துங்கள், விடலாம்.
யாரும் வாங்க வராத பழைய படங்கள்
பரணில் ஒரு கட்டு.
ஒன்றை உருவி நாலு ஓரமும் டேப் ஒட்டினேன்.
இனி எங்கள் பகல்
யாரோ ஒருவரின் விலா எலும்புகளுக்கு நடுவே வரும்.
இடது மேல்மூலையில் ஒரு வெண்புள்ளி.
அவருக்குத் தெரிந்திருக்குமா?

இரவுப் பணிக்குக் கிளம்பும்போது ஜெபராணி
கதவோரமெல்லாம் கை வைத்துப் பார்த்தாள்:
"ஊசிக் காத்துகூட நுழையாதுக்கா.
நீ மூச்சு விடுவியா?"

பாக்கி மொட்டைமாடிதான்.
நீலத் தார்ப்பாய், பன்னிரண்டுக்குப் பதினைந்து,
சீலம்பூரில் பேரம் பேசி எழுநூறு.
போன வருடம் நேராகக் கட்டிலில் சொட்டியது.

பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று.
டார்ச்சைப் பல்லில் கடித்து மேலே ஏறிச்
செங்கல் தேடும்போது எட்டிப் பார்த்தேன்:
காவலறையின் தகர இடுக்கில் ஒரு சிவப்புக் கோடு.
ஃபூல்சந்தின் கரியடுப்பு.
கதவடியில் கோணி தெரிந்தது.
என்னைவிட நேர்த்தியாக அடைத்திருந்தார்.

போன ஜனவரியில் ஒரே வீட்டிலிருந்து
அவசரப் பிரிவுக்கு நாலு பேர்.
யாருக்கும் படம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.
நன்றாகத் தூங்கி எழப்போகிறவர்கள்போல்
கன்னம் சிவந்திருந்தது.

எத்தனை படி என்று எண்ணவில்லை.
தட்டினேன். பிறகு உதைத்தேன்.
"கோன்?" என்று எரிச்சலாக ஒரு குரல்.
அப்போதுதான் தெரிந்தது
தார்ப்பாயையும் தோளில் சுமந்து வந்திருக்கிறேன்.

"கதவைத் திறந்தால் குளிர் வருமே மேடம்."
"வரட்டும். இரண்டு விரற்கடை வரட்டும்."
"உங்கள் வீட்டில் எல்லாம் அடைத்தாயிற்றா?"
"ஆயிற்று."
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

கோணியால் பிடித்து ஆளுக்கொரு பக்கமாக
அடுப்பை வெளியே தூக்கி வைத்தோம்.
கேட் கம்பிக்கும் வேப்பமரத்துக்கும்
நீலத்தை இழுத்துக் கட்டினோம்.
முடிச்சு அவருடையது; எனக்கு விரல் வரவில்லை.
முதல் ஆலங்கட்டி விழுந்தபோது
அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:
"எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?"
"எழுநூறு."
"ஏமாந்துவிட்டீர்கள்."

நாலு மணிக்குக் கட்டிலை நகர்த்தினேன்.
இட்லிக் குண்டானில் கூரை சொட்டுகிறது,
அவசரமே இல்லாமல்.
குளியலறையில் அந்தப் படம்
காற்றுக்கு உள்ளே குழிகிறது,
வெளியே உப்புகிறது.
மூச்சை இழுங்கள்.
ஓர் ஓரத்தில் டேப் விட்டிருக்கிறது.
காலையில் ஒட்டிக்கொள்ளலாம்.